சேவுகன் வண்டிக்குக் கண் திறந்த கதை

செங்கரைப்பட்டிச் சேவுகனுக்கு மரியாதை என்றால் உயிர். டீயில் சர்க்கரை குறைந்தால் பொறுத்துக்கொள்வார். பேச்சில் ஒரு 'ங்க' குறைந்தால் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். அன்னவாசல் பந்தல் கடைக்குக் குட்டியானை ஓட்டுகிறார். முன்னால் ரெண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஊரையே ஏற்றலாம் என்று சொல்வார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, நாற்காலி, அண்டா, சாமியானா எல்லாம் அவர் வண்டியில்தான் வந்து இறங்கும். வந்ததும் விசேஷ வீட்டுக்காரர்கள் ஆளாளுக்குக் கத்துவார்கள்: "ஏ குட்டியானை, இங்கிட்டு வா! ஏ குட்டியானை, அங்கிட்டு ஒதுக்கு!" ஓட்டுகிறவருக்குப் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

மீசை அரும்புகிற வயதில் கீரனூர் லாரி ஒன்றில் கிளீனராக ஏறியவர் அவர். டிரைவர் அவரை 'டேய்' என்றார். பிறகு டிராக்டர் ஓட்டப் போனார். வயல்காரர் 'ஏப்பா' என்றார். சரி, ஒரு படி ஏறியிருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அப்புறம்தான் கண்ணாத்தாளைக் கட்டினார். முதல் நாளே அவள் 'ஏங்க' என்று கூப்பிட்டாள். சேவுகன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாராம். இதை இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் அந்த மகராசி.

ஒரே மகள் காவ்யா. புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவாள். வந்த வரன்களையெல்லாம் ஒரு குறை சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் நாற்காலி இறக்கும் தகப்பனுக்கு, தன் வீட்டு வாசலில் என்றைக்கு இறக்குவோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளாதா? அடித்துக்கொண்டது. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

இனி லைட் விஷயத்துக்கு வருவோம். சேவுகன் வண்டியின் பழைய ஹெட்லைட்டுக்கு மஞ்சள் காமாலை. எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்க் கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் மாலை மங்கிய நேரத்தில், ரோட்டில் காயப்போட்டிருந்த வைக்கோலுக்குள் வண்டியை விட்டுவிட்டார். தலையெல்லாம் வைக்கோலோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக் கண்ணாத்தாள் போட்ட சத்தத்தில்தான் லைட்டை மாற்றுவது என்று முடிவானது.

அன்னவாசலில் சேரன் என்று ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன். நல்ல வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒரு ஜோடி வாங்கிவந்து மாட்டினான். வயரிங் எல்லாம் முடித்துவிட்டுச் சொன்னான், "அண்ணே, செவத்துல அடிச்சுப் பாத்து லெவல் வைக்கணும். எதுக்க ஒரு ஆளு நின்னு, கண்ணு கூசுதா இல்லையான்னு சொல்லணும். செத்த அங்கிட்டுப் போயி நில்லுங்க."

சேவுகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி! மொதமொதல்ல கண்ணு தொறக்கையில எதுக்க ஆளு நிக்கிறதா? ஒனக்கு ஒரு மொறை தெரிய வேணாம்?"

"அண்ணே, இது பல்புண்ணே."

"வண்டிக்குக் கண்ணு அதானடா!"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. செங்கரைப்பட்டி அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கும்போது, அதைச் செய்த வேளார் வந்து குதிரைக்குக் கண் வரைந்து திறப்பார். அந்த நேரம் குதிரைக்கு எதிரே ஈ, காக்கா நிற்காது. முதல் பார்வை உக்கிரமானது, மனுசனுக்குத் தாங்காது என்பது அங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். குதிரைக்கு உள்ளது குட்டியானைக்கு இல்லாமலா போகும்? சேரன் தலையில் அடித்துக்கொண்டு, "என்னமோ செய்யிங்க, ஒரு வாரத்துல கொண்டுவந்து லெவல் வச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டான்.

அன்று மாலை தெருவே கூடியது. கண்ணாத்தாள் சூடம் காட்டினாள், எலுமிச்சம்பழம் நசுக்கினாள். எல்லாரும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார்கள். சேவுகன் வண்டிக்குள் உட்கார்ந்து, குலசாமியை நினைத்து, சுவிட்சைத் தட்டினார். அடேயப்பா! வெளிச்சம் ஓட்டு வீடுகளைத் தாண்டி, ஊர்க்கோடி ஆலமரத்து உச்சியில் போய் விழுந்தது. அடைந்து கிடந்த காக்கைகள் விடிந்துவிட்டதென்று கத்திக்கொண்டு கிளம்பின. ரோட்டில் விழவேண்டிய வெளிச்சம் மரத்தில் விழுகிறதே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! எம்புட்டுத் தூரம் போவுது பாரு என்று வாயைப் பிளந்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அதிசயம் ஆரம்பித்தது. மாலையில் எதிரே வரும் வண்டிகள் எல்லாம் சேவுகனைப் பார்த்து லைட்டை அடித்து அடித்துக் காட்டின. பஸ் டிரைவர் அடித்தார், பைக்குக்காரன் அடித்தான், செங்கல் லாரிக்காரன் கையை வேறு வெளியே நீட்டி ஆட்டினான். வெளிச்சத்தைத் தணித்து டிம் அடிக்கச் சொல்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் ஏற்கெனவே டிம்மில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்! ஒழுங்காக டிம்மில் போகிறவனைப் பார்த்து லைட் அடித்தால் அதற்கு என்ன அர்த்தம்? மரியாதைதான். சேவுகன் அப்படித்தான் முடிவு கட்டினார். பதிலுக்கு அவரும் ஒரு தடவை பிரைட்டை அடித்து, ஆரனையும் தட்டிவிட்டுப் போவார். வீட்டுக்கு வந்து, "வாரவன் போறவனெல்லாம் வணக்கம் வைக்கிறான் கண்ணாத்தா" என்று சொல்லிக்கொண்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார். லெவல் வைக்கவேண்டும் என்பதே மறந்துபோனது.

அந்த வாரம்தான் அறந்தாங்கியிலிருந்து வரன் வந்தது. ஆத்மநாதன் என்று ஹார்டுவேர் கடைக்காரர். மகன் வெற்றிச்செல்வன் கத்தாரில் டிரெய்லர் ஓட்டுகிறான், லீவில் வந்திருக்கிறான். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவைக் காட்டியபோது காவ்யா, "பாப்போம்ப்பா" என்றாள். அவள் பாஷையில் அது சரி என்பதற்கு ரொம்பப் பக்கம். பிறகு அம்மாவின் செல்லை எடுத்து, ஒருத்தருக்கும் தெரியாமல் அந்தப் போட்டோவைத் திரும்பவும் பார்த்ததைச் சேவுகன் பார்த்துவிட்டார். இந்தச் சம்பந்தம் கைகூடாவிட்டால் தன் மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று அன்றைக்கே அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

பெண் பார்க்க வருகிற நாள். நல்ல நேரத்தில் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள், புதுக்கோட்டையைத் தாண்டும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. போன் வந்ததும்தான் கண்ணாத்தாளுக்கு உறைத்தது. "ஏங்க, ஊருக்கெல்லாம் நாக்காலி போடுறீக. நம்ம வீட்ல வாரவுகள உக்கார வைக்க ஒரு நாக்காலி இல்லையே!"

சேவுகன் பறந்தார். ஊரை விட்டு வெளியே வந்ததும் கண்மாய்க் கரை ரோடு. ஒரு பக்கம் ஐப்பசி மழையில் நிரம்பித் தளும்பும் கண்மாய், இன்னொரு பக்கம் சேறும் தண்ணியுமாக வாய்க்கால். எதிரே ஒரு கார் வந்தது. லைட்டை அடித்தது. திரும்பவும் அடித்தது. விடாமல் அடித்தது. 'கார்க்காரன்கூட!' என்று சேவுகனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிரைட்டைப் போட்டு, நீளமாக ஒரு ஆரனும் கொடுத்துவிட்டுக் கடந்துபோனார்.

அன்னவாசலில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினால், அதே கரையில் கார் ஒன்று வாய்க்காலுக்குள் மூக்கை நுழைத்துக் கிடக்கிறது. முழங்கால் வரை சேற்றோடு ஒரு பெரியவர், பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் அம்மா, தள்ளித் தள்ளிக் களைத்துப்போன ஒரு பையன். அந்த அம்மா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் எல்லாப் பயலும் இதே லைட்டத்தான் மாட்டிருக்கானுவ போல" என்றார். சேவுகன் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. வண்டியை நிறுத்தி, லைட்டை அணைத்து, பந்தல் கயிறு ஒன்றை எடுத்துக் காரில் கட்டி, இரண்டே இழுப்பில் மேலே கொண்டுவந்துவிட்டார்.

"ரொம்ப நன்றிண்ணே" என்றான் பையன்.

"என்னாச்சு தம்பி?"

பெரியவர்தான் பதில் சொன்னார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "எதுத்தாப்புல ஒரு கிறுக்கன் வந்தான்ங்க. டிம் அடிடா, டிம் அடிடான்னு லைட்டப் போட்டுப் போட்டுக் கேக்குறான் எம்மகன். அந்தப் பய என்ன பண்ணுனான்னா, பிரைட்டையும் போட்டு, ஆரனையும் அடிச்சுட்டுப் போறான்! கண்ணு ரெண்டும் அவிஞ்சு போச்சு. இவனும் லேசுப்பட்டவன் இல்ல. கத்தார்ல டிரெய்லர் ஓட்டுறானாம். வாய்க்காலு தெரியல!"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். சேவுகனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக வாங்கிய வணக்கங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பஸ் டிரைவர் லைட் அடித்தது வணக்கமில்லை. லாரிக்காரன் கையை ஆட்டியதும் வணக்கமில்லை. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று இப்போது விளங்கியது. அதை இங்கே எழுத முடியாது.

'கத்தார்' என்ற சொல் காதில் விழுந்து மண்டைக்கு ஏறுவதற்குள் பெரியவர் கேட்டுவிட்டார், "செங்கரைப்பட்டியில சேவுகன் வீடு எங்கங்க இருக்கு?"

"நாந்தாங்க சேவுகன்."

"அட! சாமியாப் பாத்து ஒங்களை அனுப்பிருக்கு பாருங்க!" ஆத்மநாதன் சேற்றுக் கையாலேயே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொர்ணம், பாத்தியா, எப்பேர்ப்பட்ட மனுசன்! நீங்க முன்னாடி போங்க, ஒங்க லைட்டப் பாத்துக்கிட்டே பின்னாடி வாரோம்."

"லைட்டு... பியூஸ் போயிருச்சுங்க" என்றார் சேவுகன். பின்னால் வந்த காரின் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி, ஆமை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் வேர்வை.

வீட்டில் கால் கழுவத் தண்ணீர், துடைக்கத் துண்டு, கேசரி, வடை. காவ்யா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பையனுக்குக் காபி டம்ளர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஆத்மநாதன் மட்டும் கிறுக்கனை விடவில்லை. "அவன் மட்டும் எங் கையில கெடைக்கட்டும்" என்று வடைக்கு ஒரு தரம் சொன்னார்.

சேவுகன் அவருக்குச் சட்னியை ஊற்றிக்கொண்டே இருந்தார். பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கண்ணாத்தாள் வாயைத் திறந்தாள்.

"வண்டின்னதும் ஞாபகம் வருது பாருங்க. இவுகளும் புது லைட்டு போட்டுருக்காக. சித்தன்னவாசல் மலை வரைக்கும் அடிக்கும்! எதுக்க வாரவுகல்லாம் லைட்டப் போட்டுப் போட்டு இவுகளுக்கு வணக்கம் வைக்கிறாகன்னாப் பாத்துக்கங்களேன்!"

ஆத்மநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் மனைவி சொர்ணவல்லி மகனைப் பார்த்தார். மகன் சேவுகனைப் பார்த்தான். உள்ளே காவ்யா "அய்யோ அம்மா!" என்றது வாசல்வரை கேட்டது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சேவுகன் எழுந்து நின்றார். "நாந்தாங்க அது. சத்தியமா, டிம்முலதான் வந்தேன். நீங்க மரியாதைக்கு அடிக்கிறீகன்னு நெனச்சுப்புட்டேன்."

"மரியாதைக்கா?" ஆத்மநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லா இருக்குய்யா ஒங்க மரியாதை! பியூஸ் போச்சுன்னு வேற சொன்னீங்க. சொர்ணம், கெளம்பு. ரோட்டுல பொறுப்பு இல்லாத மனுசன்கிட்ட என்ன சம்பந்தம் பேசுறது?"

அந்த அம்மாவும் எழுந்துவிட்டார். காவ்யாவின் தலையில் வைக்கக் கொண்டுவந்திருந்த பூப்பொட்டலம், பிரிக்காமலே அவர் கைக்குப் போனது. கண்ணாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சேவுகனுக்குக் கதவுப் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை. அங்கே மகள் நிற்கிறாள் என்று தெரியும்.

அப்போதுதான் வெற்றிச்செல்வன் பேசினான். "டிம்முலதான் வந்தேன்னு சொல்றாங்கள்லப்பா? வண்டி சாவி குடுங்க சார், பாத்துருவோம்."

வாசலில் இறங்கிக் குட்டியானைக்குள் ஏறினான். "நீங்க எதிர்ல போயி நில்லுங்க சார்."

சேவுகன் தயங்கினார். சரி, கண் திறந்துதான் ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி நின்றார். சுவிட்ச் விழுந்தது.

அவ்வளவுதான். தெரு போய்விட்டது, வீடு போய்விட்டது, ஆட்கள் போய்விட்டார்கள். கண்ணை மூடினாலும் வெள்ளை, திறந்தாலும் வெள்ளை. சுவரைப் பிடிக்கலாம் என்று கையை நீட்டினால் சுவர் இல்லை. "அப்பா, கீழ பாத்து நில்லுங்கப்பா!" என்று ஓடிவந்த காவ்யாவின் குரல் கிட்டத்தில் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. தன் மகள் பக்கத்தில் நிற்கிறாள், முகத்தைப் பார்க்க முடியவில்லை. சேவுகன் பயந்துபோனார்.

"பிரைட்ட அமத்துங்க தம்பி!" என்று கத்தினார்.

"இது டிம்முங்க சார்!"

லைட் அணைந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் அவருக்குக் கண் தெரிந்தது. நேரே ஆத்மநாதனிடம் வந்தார். "அந்தப் பக்கம் கம்மாய்ங்க. முழுத் தண்ணி. ஒங்க மகன் ஸ்டீரிங்க அங்கிட்டு ஒடிச்சிருந்தா..." கண்மாய் இருக்கும் திசையைக் காட்டினார். "சம்பந்தம் வேணாம்னு நீங்க சொன்னது சரிதாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பேன். ஒங்க மகன் ஓட்டுனதுல தப்பில்ல. அந்த வெளிச்சத்துல வண்டிய வாய்க்காப் பக்கம் தள்ளி மூணு பேரக் காப்பாத்திருக்காரு. அவர வையாதீக."

ஆத்மநாதன் மகனைத் திரும்பிப் பார்த்தார். "வழிநெடுக ஒன்னையத்தான்டா வைதேன்."

"விடுங்கப்பா, பழகிப்போச்சு" என்றான் அவன். பிறகு வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "ஒரு ஸ்குரூ டிரைவர் குடுங்க. பல்பு நல்ல பல்புதான். தூக்கிப் பாக்குது, அவ்வளவுதான்" என்றான்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். கண்ணாத்தாள் அழுகையை நிறுத்தி, அவன் சொன்ன உயரத்தில் சுவரில் கோலமாவால் ஒரு கோடு இழுத்தாள். அவன் திருக, சேவுகன் சுவரைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் கீழ... கீழ... போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொர்ணவல்லி அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, பொண்ணு பாக்க வந்தமா, வண்டி பாக்க வந்தமா?"

"முடிஞ்சிருச்சும்மா. வண்டியத் தெருப்பக்கம் திருப்பியாச்சு. எதிர்ல ஒருத்தர் நின்னு, கூசுதா இல்லையான்னு சொல்லணும்."

யார் போவது? சேவுகனுக்கு இன்னும் கண்ணில் பூச்சி பறந்துகொண்டிருந்தது. சொர்ணவல்லிக்குக் கண்ணில் ஆபரேஷன் பண்ணியிருந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காவ்யா படியிறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, வண்டிக்கு எதிரே போய் நின்றாள்.

வெற்றிச்செல்வன் சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். வெளிச்சம் தரையில் பரவி அவள் புடவைக் கரையோடு நின்றுவிட்டது. முகத்தில் பட்டது அதன் மிச்சம்தான். அது போதுமானதாக இருந்தது.

"கண்ணு கூசுதாங்க?" என்றான்.

"இல்லங்க. நீங்க நிக்கிறது நல்லாத் தெரியுது."

ஆத்மநாதன் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடா சொல்ற?"

"லெவல் சரியா இருக்குப்பா."

"நான் லைட்டக் கேக்கலடா."

"நானும் லைட்டச் சொல்லலப்பா."

சொர்ணவல்லிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே பூப்பொட்டலத்தைப் பிரித்தபடி நடுத்தெருவுக்கு நடந்துபோய், அந்த வெளிச்சத்திலேயே காவ்யாவைத் திருப்பி நிறுத்தித் தலையில் பூவை வைத்துவிட்டார். ஆத்மநாதன், "இனிமே பியூஸ் போச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க சம்பந்தி" என்றார்.

வெற்றிச்செல்வன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்குரூ டிரைவரை நீட்டினான். "இந்தாங்க மாமா."

சேவுகன் அதை வாங்கவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூக்கை உறிஞ்சினார், சிரிக்கவும் செய்தார்.

"ஒங்க கையிலயே இருக்கட்டும் மாப்ள. பின்னாடி இன்டிகேட்டர் ஒண்ணு எரியாமக் கெடக்கு."